சுவான்சௌ நகரத்துத் தமிழ்க் கல்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன ஜனாதிபதி ஷி ஜின்பிங்கும் பிரதமர் மோடியும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். ஐந்து ரதங்களின் அருகே 18 வகைக் காய்கனிகளால் வரவேற்பு வளைவு எழுந்தது. கடலுக்குப் போக வேண்டாமென்று மீனவர்களுக்குச் சொல்லப்பட்டது. சந்திப்பின் முடிவில் ஒரு வாக்கு கொடுக்கப்பட்டது: தமிழ்நாடும் சீனத்தின் பூஜியன் மாகாணமும் உடன்பிறப்புகளாக உறவு கொள்ளும், இரு கரைகளின் பழைய தொடர்பும் ஆராயப்படும்.

பூஜியன் எங்கே, செய்யூர் எங்கே என்று வயலில் நிற்கும் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சுவான்சௌ நகரத்தில் இருக்கிறது.

பூஜியன் கரையிலுள்ள அந்தத் துறைமுகம் ஒரு காலத்தில் உலகத்துக் கப்பல்களெல்லாம் போய்ச் சேர்ந்த இடம். மார்க்கோபோலோ அதைக் கண்டு வியந்து எழுதினார். 1281ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே சிவனைப் பிரதிஷ்டை செய்து, கல்லில் தமிழில் எழுதி வைத்தார். அடியில் ஒரு வரி சீன எழுத்து. கோயில் எழுந்தது மங்கோலிய கானின் உத்தரவின் பேரில். வேண்டுதலும் கானின் உடல்நலத்துக்காக. பாய்மரம் இழுத்தவன், மூட்டை சுமந்தவன், சிலை செதுக்கியவன் உடல்நலத்தைப் பற்றிக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. கல்வெட்டுகளின் வழக்கம் அது!

பதினான்காம் நூற்றாண்டின் கலவரங்களில் கோயில் அழிந்தது. அதன் கற்கள் ஊர் மதிலுக்கும் கட்டடங்களுக்கும் போயின. மதிலை இடித்தபோது வெளிவந்த கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். 1957இல் அவற்றைப் பற்றி நூலும் வெளியிட்டார். பெரிய பண்டிதர்கள் திரும்பிப் பாராத கல்லை ஒரு வாத்தியார் காப்பாற்றினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

இன்று அந்த நகரத்துக்குப் போகிற தமிழன் கையுவான் பௌத்த ஆலயத்தின் பின்புறம் கண்ணன் கதை செதுக்கிய தூண்களைக் காணலாம். அருகிலுள்ள சேதியான் கிராமத்தில் பழைய இந்துக் கோயிலின் அம்மன் சிற்பம் ஒன்றைக் குவான்யின் தேவியென்று ஜனங்கள் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். யாருடைய தெய்வம் என்று அங்கே எவரும் வழக்காடவில்லை.

ஆனால் நம் வட்டாரத்து உழைப்பாளி முதலில் பார்க்க வேண்டியது ஷுன்பு என்ற மீனவக் கிராமத்தை. அங்கே பெண்கள் கூந்தலைச் சுற்றி வட்டமாகப் பூச்சூடிக்கொண்டு, உட்கார்ந்து சிப்பி உடைக்கிறார்கள். வீட்டுச் சுவர்களும் சிப்பி ஓடுகளால் ஆனவை. கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த நம் கரை மக்களுக்கு அந்தச் சுவரின் சூட்சுமத்தை யாரும் விளக்க வேண்டாம். சற்றுத் தள்ளி லோயாங் பாலம். 1053 முதல் 1059 வரை கட்டியது. அலை அடிக்கும் முகத்துவாரத்தில் அடித்தளக் கற்கள் பெயராமலிருக்க, அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பிகள் ஒட்டிப் பெருகிக் கற்களை ஒன்றாக இறுக்கின. இந்த யோசனை கடலில் இறங்கி வேலை செய்தவன் மூளையில்தான் பிறந்திருக்கும் என்பது நம் அபிப்பிராயம். புகழ் மட்டும் அதிகாரி பேருக்குப் போயிற்று.

1956 டிசம்பரில் சீனப் பிரதமர் சௌ என்-லாய் நம் ஜில்லாவுக்கு வந்தபோது சிற்பங்களை மட்டும் பார்க்கவில்லை. மாமல்லபுரத்தை அடுத்த குழிப்பாந்தண்டலம் கிராமத்துக்கும் போய், தாய்சேய் நல நிலைய விழாவில் கலந்துகொண்டார். விருந்தாளியைக் குடிசைப் பக்கம் அழைத்துப்போன காலம் அது.

பிறகு 1962இல் யுத்தம் வந்தது. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் ஜவான்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் ராமநாதபுரம் ஜில்லாக்காரர். எல்லைத் தகராறு லேசான விஷயமல்ல. அந்த வீட்டுத் துயரத்தை யாரும் மறந்துவிட்டுப் பேசக் கூடாது. ஆனால் எல்லையில் செத்தவன் விவசாயி வீட்டுப் பிள்ளை. சண்டை மூண்டால் மறுபடியும் சாகப்போகிறவனும் அவனே. ஆகவே பேச்சுவார்த்தையை விடாமல் நடத்து என்று உரத்துச் சொல்லும் உரிமை முதலில் நமக்குத்தான் உண்டு. 2020இல் நின்ற நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் மறுபடி பறக்கத் தொடங்கின. வியாபாரிகள் பெட்டி கட்டிவிட்டார்கள்.

2019இல் கொடுத்த வாக்கை இப்போது கையிலெடுக்கும்படி இரு சர்க்கார்களையும் கோருகிறோம். சுவான்சௌ கல்லின் அச்சு நகல் ஒன்றை மாமல்லபுரத்தில் நிறுத்துங்கள், எழுத்துக் கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும் தமிழில் விளக்கத்தோடு. பண்பாட்டுத் தூதுக்குழு போகும்போது மந்திரிகளும் முதலாளிகளும் மட்டும் போனால் போதாது. மாமல்லபுரத்துக் கல்தச்சரும், கடப்பாக்கத்து மீனவப் பெண்ணும், செய்யூர் உப்பளத் தொழிலாளியும் அதில் இருக்க வேண்டும். ஷுன்புவின் சிப்பி உடைக்கும் பெண்களும் இங்கே வரட்டும். வளைவு கட்ட முடிந்த சர்க்காருக்கு இந்தச் செலவு பெரிதல்ல. வட்டாரத்துச் சங்கங்கள் இதைத் தீர்மானமாகப் போட்டுக் கலெக்டருக்கு அனுப்ப வேண்டுகிறோம்.