45 வயதில் முதல் அயர்ன்மேன்: எந்தப் பயிற்சித் திட்டம் சரி?

3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பொதுவாக 17 மணி நேரத்துக்குள் முடிக்கணும்.

'நாலே மாசத்துல ரெடி' என்னும் அட்டவணைகளை நாற்பதைத் தாண்டியவர்கள் ஒதுக்கிவிடலாம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களுக்கு அந்த வேகம் கிடையாது. குதிகால், முழங்கால் வலி கிளம்புவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். மூன்று வாரம் உழைப்பு, நான்காவது வாரம் ஓய்வுபோலக் குறைவான பயிற்சி என்று போகிற, ஓராண்டுத் திட்டமே நல்லது.

வாரம் 15 மணி நேரம் கேட்கிற திட்டம் ஆபீஸ், வீடு இரண்டுக்கும் நடுவே ரெண்டாவது மாசமே நொறுங்கும். உண்மையில் எத்தனை மணி நேரம் கையில் இருக்கு? அதை வீட்டில் பேசி முடிவு செய்த பிறகே திட்டத்தைத் தேடுங்கள்.

கோவாவில் 2019-ல் தொடங்கிய போட்டி இதில் பாதி தூரம்தான். முதலில் அதை முடித்துப் பார்க்கலாம். பணம் கட்டும் முன் இதயப் பரிசோதனை கட்டாயம்.