பாவம், புத்தகப் பேன்!

மழைக்காலத்தில் பழைய புத்தகத்தைத் திறந்தால், பக்கங்களுக்கு நடுவே தூசி மாதிரி ஒன்று ஓடும். கவனித்திருக்கிறீர்களா? அதுதான் புத்தகப் பேன். நீளம் சுமார் ஒரு மில்லிமீட்டர். இதைப் பார்த்ததும் பல வீடுகளில் நடப்பது இரண்டே காரியம். ஒன்று, பூச்சி மருந்து அடிப்பார்கள். இல்லையென்றால் புத்தகங்களை மொத்தமாக எடைக்குப் போடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டுமே தவறு!

பெயரில் பேன் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். தலைப்பேனுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் நம்மைக் கடிக்காது, ரத்தமும் குடிக்காது. லிப்போசெலிடிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் முக்கிய உணவு, ஈரத்தில் படரும் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை. பைண்டிங் பசையில் உள்ள மாவையும் சுரண்டும். அரிசி, ரவை, மைதா டப்பாவில் ஊர்வதும் பல சமயம் இதே கூட்டம்தான். மற்றபடி, புத்தகத்தில் ஓட்டை போடுவது வண்டும் கரையானும். பழி மட்டும் இதன் தலையில்!

மருந்து அடித்தால் ஒழியாதா? இந்தக் குடும்பத்தில் அதிகம் காணப்படும் ஓர் இனத்தில் பெரும்பாலும் எல்லாமே பெண்கள். ஆண் துணையே இல்லாமல் முட்டையிடும். ஒன்று தப்பினாலும் போதும், மறுபடி கூட்டம் சேர்ந்துவிடும். தானியக் கிடங்குகளில் போடும் பாஸ்பீன் புகைக்கே இதன் முட்டைகள் எளிதில் மசிவதில்லை. நம் வீட்டு ஸ்பிரே எந்த மூலைக்கு? சாப்பிடும் அரிசிக்குப் பக்கத்தில் அதை அடிப்பது இன்னும் ஆபத்து.

இதன் பலவீனம் ஒன்றே ஒன்றுதான். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால் உடல் வற்றிச் செத்துவிடும். சென்னை மாதிரி கடற்கரை ஊரில் அது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். முழுதாக முடியாதுதான். ஆனால் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்கலாம். சுவர்க் கசிவை அடைக்கலாம். புத்தகங்களை நெருக்கி அடுக்காமல், அவ்வப்போது விரித்து ஃபேன் காற்றில் வைக்கலாம். மளிகைச் சாமான்களை நன்றாகக் காயவைத்து, இறுக்கமான டப்பாவில் போடலாம். பூஞ்சை குறைந்தால் பேனும் தானாகக் குறையும்.

சிலருக்கு இதனால் அலர்ஜி வருவது உண்மை. ஆனால் ஈரமும் பூஞ்சையும் எல்லோருக்குமே கெடுதல். 'உன் சுவர் ஈரமாக இருக்கிறது' என்று இந்தப் பூச்சி இலவசமாகச் சொல்கிறது. அதற்குத் தண்டனையாகத் தாத்தா வாங்கிய புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போக வேண்டுமா? யோசியுங்கள்!