கைநாடி காணோம்!

எங்கள் வாழப்பாடியில் களத்தில் காயப்போட்ட பாக்கு காணாமல் போவது உண்டு. போன வருஷம் எங்கள் வீட்டில் காணாமல் போனது நாடி!

அக்கா மகளுக்கு வயசு 24. மாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்தவள், "மாமா, இடது கை அப்படியே அசந்து போகுது. தலை வேற கிர்ருங்குது" என்றாள். "ராத்திரி சாப்பிடாம படுத்தா கிர்ருங்காம என்ன பண்ணும்?" என்று அக்கா வைத்தியத்தை முடித்துவிட்டாள். இப்படியே இரண்டு மாதம்.

கடைசியில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். நர்ஸம்மா இடது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அடித்தார். "மெஷின் ரிப்பேர் சார்." சோதனைக்கு என் கையில் கட்டினார். 160! "பாத்தீங்களா, கண்டபடி காட்டுது!"

டாக்டர் மெஷினை விட்டுவிட்டுப் பெண்ணைப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டையும் ஒரே சமயத்தில் பிடித்தார். வலதில் நாடி துள்ளுகிறது, இடதில் இல்லை. நம் சினிமாவில் டாக்டர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கினால் உடனே சோக வயலின்தான். இங்கே நாடி இல்லாத ஆசாமி, "மாமா, காபி வாங்கித் தர்றேன்னீங்களே?" என்கிறாள். அப்புறம் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தார். பாதி மூடின குழாயில் தண்ணீர் போகிற மாதிரி 'உஸ்' சத்தமாம்.

சேலத்தில் ஸ்கேன், பிறகு வேலூர். நோயின் பெயர் டகாயாசு. மிகிடோ டகாயாசு என்ற ஜப்பான் கண் டாக்டர், 1908-ல் ஓர் இளம்பெண்ணின் கண்ணுக்குள் ரத்தக்குழாய்கள் மாலை கட்டினாற்போல் இருந்ததைச் சொல்ல, அதே கூட்டத்தில் வேறு இரண்டு டாக்டர்கள், தங்கள் பேஷண்டுகளுக்குக் கையில் நாடியே இல்லை என்றார்களாம். பெரும்பாலும் 40 வயதுக்குள்ளான பெண்களைத்தான் பிடிக்கிறது.

உடம்பின் காவல்படையே பெரிய ரத்தக்குழாய்களின் சுவரைத் தாக்க, சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. கைக்குப் போகிற குழாய், கழுத்து வழியாக மூளைக்கு ஏறுகிற குழாய் எல்லாமே இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி என்ற ஒரே மெயின் பைப்பின் கிளைகள்தான்.

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விடும்போது ஒரு புண்ணியவான் மோட்டார் போட்டு உறிஞ்சுவார். கடைசி வீட்டுக்கு வெறும் காற்று. அதே கதைதான். இடது கைக்கு வழி அடைபட்ட நிலையில் கையைத் தூக்கி வேலை வாங்கினால், பின்கழுத்து வழியே மூளைக்கு ஏறும் குழாயிலிருந்து ரத்தத்தைக் கை தலைகீழாக இழுத்துக்கொள்கிறது. டாக்டர்களே இதற்குத் 'திருட்டு' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! முன்கழுத்துக் குழாயும் குறுகினால் பார்வை மங்கலாம். சின்ன வயசிலேயே பக்கவாதம் வரலாம். அதைக் கேட்டதும் அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

இன்னொரு கூத்து. அடைபட்ட கையில் பி.பி. குறைவாகத்தான் காட்டும். நம் நாட்டில் இது சிறுநீரகக் குழாயையும் அடிக்கடி பிடிப்பதால், நிஜ பி.பி. எங்கேயோ உச்சியில் இருக்கும். அதனால்தான் இரண்டு கையிலும் பார்க்கிறார்கள். 10 புள்ளிக்கு மேல் வித்தியாசம் என்றால் காரணம் தேடுகிறார்கள்.

நோயின் வேகத்துக்கு மார்க் போட 'ஐ.டி.ஏ.எஸ். 2010' என்று ஒரு முறையை இந்திய டாக்டர்களே உருவாக்கியிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.க்கு அதில் பெரிய பங்கு. எங்கள் பெண்ணுக்கு ஸ்டீராய்டு, கூடவே காவல்படையை அடக்க இன்னொரு மாத்திரை. அடைப்பு முற்றினவர்களுக்கு, வீக்கம் தணிந்தபின் பலூன், பைபாஸ்.

ஸ்டீராய்டில் முகம் உப்பிவிட்டது. "பூசணிக்கா மாதிரி ஆயிட்டேன் மாமா" என்று அழுதாள். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கா" என்றாள் அக்கா. தலைசுற்றல் குறைந்திருக்கிறது. துணி காயப்போடுவது இப்போது என் டியூட்டி.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மெஷின் ரிப்பேர் இல்லையென்றால், அந்த 160? நைசாகப் போய்ப் பார்த்தேன். இப்போது எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா இரண்டு.