கடன்காரன் யார்?



திருப்பூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு பனியன் தொழிலாளியிடம் போய், "நீ யாருக்காவது கடன் கொடுத்திருக்கிறாயா?" என்று கேட்டால் அவன் சிரிப்பான். "எனக்கே ஊரெல்லாம் கடன், நான் எங்கே கடன் கொடுப்பது?" என்பான். ஆனால் வாஸ்தவம் என்னவென்றால், அவன் தன் வீட்டுக்காரருக்கு வட்டியில்லாமல், ரசீதில்லாமல், தவணையில்லாமல் ஒரு பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்துவிட்டுத்தான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கிறான். அக்கடனுக்கு 'அட்வான்ஸ்' என்று பெயர். பெயர் வேறாக இருக்கிற ஒரே காரணத்தால், கொடுத்தவன் வாசற்படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். வாங்கினவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்புறம் வா பார்க்கலாம்" என்கிறார்.

இதை எழுதுகிற நமக்கே தொழிலாளியை 'அவன்' என்றும், வீட்டுக்காரரை 'அவர்' என்றும் எழுத வந்துவிட்டதைக் கவனியுங்கள். நோய் அவ்வளவு தூரம் நம் எலும்பில் ஊறியிருக்கிறது. இனி இருவரையும் 'அவர்' என்றே எழுதுவோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு லைன் வீட்டு வரிசையில் பத்து வீடுகள். வீடு ஒன்றுக்கு மாத வாடகை 5,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகையாகிய 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுவோம். பத்து வீட்டுக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு விட்டாலும் மாதம் 5,000 ரூபாய் வரும். அதாவது, கட்டாத பதினோராவது வீட்டுக்கும் அவர் வாடகை வாங்குகிறார்! அந்தப் பதினோராவது வீட்டுக்குச் செங்கல் செலவில்லை, சுண்ணாம்புச் செலவில்லை, வீட்டு வரியும் இல்லை. அது முழுக்க முழுக்கத் தொழிலாளிகளின் பணத்தாலேயே நிற்கிறது.

அந்த 50,000 ரூபாயைத் தொழிலாளி எங்கிருந்து கொண்டு வந்தார்? சனிக்கிழமைச் சம்பளத்தில் மளிகைக் கடைக்கும் சீட்டுக்கும் போக மிஞ்சுவது என்ன? நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருப்பார். மாதம் 1,500 ரூபாய் அதற்கு வட்டி. ஆகவே வாடகை 5,000 என்று வாயால் சொல்லப்பட்டாலும், அவர் உண்மையில் கொடுப்பது 6,500. அந்தக் கடன் அடையும்வரை வேறொருவருக்கு வட்டி கொடுத்துக்கொண்டு, வீட்டுக்காரருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் புண்ணியவான் நம் பனியன் தொழிலாளியைத் தவிர உலகத்தில் வேறு யார் இருக்கக்கூடும் என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தப் பணம் திரும்பி வருகிற யோக்கியதையைப் பார்ப்போம். நமது சொந்த அனுபவமே ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன் பெருமாநல்லூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஆறு வருஷம் குடியிருந்தோம். அட்வான்ஸ் 40,000 ரூபாய். காலி செய்வதை ஒரு மாதம் முன்னதாகவே சொல்லி, வாடகையும் கரண்ட் பில்லும் பாக்கியில்லாமல் கட்டி, வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைக் கொடுத்தோம். சாவியை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், "இன்னைக்கு வெள்ளிக்கிழமை தம்பி, மகாலட்சுமிய வெளிய அனுப்பக்கூடாதுங்க. அப்பறமா வாங்க" என்றார்.

காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் ஒன்றரை ஷிப்டு முடிந்து இரவு எட்டு மணிக்கு வெளியே வருகிறவர்கள் நாம். மறுவாரம் ஒரு நாள் இரவு போனோம். "விளக்கு வெச்ச நேரத்துல காசு கேக்கறீங்களே தம்பி" என்றார். அரை நாள் சம்பளத்தை விட்டுப் பகலில் போனோம், அன்று அஷ்டமி. அடுத்த தடவை கரிநாள். அதற்கடுத்த தடவை, "ஆடி பொறந்துருச்சுங்க, ஆவணில பாத்துக்கலாம்" என்றார். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஆகாது. மாதத்தில் அஷ்டமி இரண்டும் நவமி இரண்டும் ஆகாது. எல்லா நாளிலும் சாயங்காலத்துக்கு மேல் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் இருக்கமாட்டார் என்றால், நம் பணம் நமக்கு வருவதற்குப் பஞ்சாங்கத்தில் இடம் எங்கே இருக்கிறது?

ஒரு நாள் நம் துணைவியாரும் கூட வந்திருந்தார். அவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஆறு வருஷமா அஞ்சாந்தேதியானா வாடகை வாங்குனீங்களே, அதுல ஒண்ணுகூட வெள்ளிக்கிழமையில வரலீங்களா?" என்று கேட்டார். அதற்கு வீட்டுக்காரர் சொன்ன பதில், "பொம்பளைங்க இதுலயெல்லாம் பேசக்கூடாது அம்மிணி" என்பதுதான். கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் கேட்டவரின் பிறப்பைக் காட்டி வாயடைப்பது நமது நாட்டு வழக்கமல்லவா? மகாலட்சுமி வீட்டுக்குள் வருவதற்கு நாளும் இல்லை, கோளும் இல்லை. வெளியே போவதற்குத்தான் பஞ்சாங்கம் வேண்டும்! இப்படிப்பட்ட பக்தியை நாணயமுள்ளவர்கள் பக்தி என்று சொல்லமாட்டார்கள். திருட்டுக்குப் போட்ட திருநீறு என்றே சொல்லுவார்கள்.

இதற்குள் நாம் வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்ததால் 40,000 ரூபாயை மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தோம். நாலு மாதத்தில் 4,800 ரூபாய் வட்டி போயிற்று. நம்முடைய பணம் ஒருவர் பெட்டியில் சும்மா கிடக்க, அதே அளவு பணத்துக்கு நாம் இன்னொருவருக்கு வட்டி கட்டினோம். அவருடைய ஆடி மாதத்துக்குச் செலவு நம்முடையது.

பஞ்சாங்கம் தீர்ந்தபின் வெள்ளையடிப்பு வந்தது. "சுவரெல்லாம் அழுக்காயிருக்குது, பெயிண்டுக்கு 15,000 புடிச்சுக்கறேன்" என்றார். ஆறு வருஷம் மனிதர்கள் குடியிருந்தால் சுவர் மங்கத்தான் செய்யும். அதற்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தோம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே, நியாயமான புழக்கத்தால் ஏற்படும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று சொல்லுகிறது. 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையோ, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் வேலை என்றே பிரித்துக் காட்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலொழிய அந்தச் செலவைக் குடியிருந்தவர் தலையில் கட்ட வழியில்லை. குழாய்த் திருகு உடைந்தது, ஸ்விட்சு உடைந்தது, ஜன்னல் கண்ணாடி உடைந்தது என்றால் கேட்கட்டும், கொடுப்போம். சுவருக்கு வயதாவதற்கு நாம் தண்டம் கட்டுவதா?

இனிச் சட்டத்தின் கதையைக் கேளுங்கள். யுத்தம் முடிந்த கையோடு 1946-ல் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1949-ல் ஒன்று வந்தது. பிறகு 1960-ல் வந்த சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அந்த 1960-ஆம் வருஷத்துச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது என்றது. ஒரே ஒரு மாதம்! அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலமெல்லாம் ஊரில் ஐந்து மாதமும் பத்து மாதமும் வாங்கினார்களா, இல்லையா? கேட்டால், "அது மாமூல்" என்றார்கள். சட்டத்தில் ஒன்று இருக்க, மாமூலில் பத்து இருந்தது; நாமும் மாமூலுக்குத்தான் கும்பிடு போட்டோம். பாட்டன் செய்தான், அப்பன் செய்தான், ஆகையால் நானும் செய்கிறேன் என்கிற புத்தி கோவிலோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு வாசலிலும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2019 பிப்ரவரி 22 முதல் அந்தப் பழைய சட்டம் ஒழிந்து, 2017-ஆம் வருஷத்துச் சட்டம் அமலில் இருந்து வருகிறது. இது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்ட விரோதம் என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் மூன்று மாத வரம்புக்கு முன்னால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கண்டிருந்தாலொழிய என்று ஒரு வால் வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் எழுதுகிறவர் யார்? வீட்டுக்காரர். கையெழுத்துப் போடாவிட்டால் வீடு இல்லை என்கிறவர் யார்? அதே வீட்டுக்காரர். அப்படியிருக்க, மூன்று மாதம் என்பதை மீறலாமா கூடாதா என்பதை அவர் பேனாவுக்கே விட்டது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையல்லவா? மத்திய சர்க்கார் 2021-ல் வெளியிட்ட மாதிரிச் சட்டத்தில், குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாதென்றும், வீட்டை ஒப்புக்கொள்ளும் அன்றே பணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்றும் கண்டிருக்கிறது. ஒரு கையில் சாவி, மறு கையில் பணம். இதை நம் சட்டத்திலும் எழுதினால் எந்த வானம் இடிந்து விழும்?

இது சில்லறைச் சண்டை என்று சில கனவான்கள் நினைக்கலாம். 2011 ஜனவரி 28-ந் தேதி நொய்யல் மாசு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டபோது, வேலையில்லாமல் ஊர் திரும்பினவரை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மூட்டை முடிச்சோடு புறப்பட்ட ஒரிசா, பீகார்த் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அந்த மார்ச்சு 29-ந் தேதி மத்திய உள்துறை, ஒரு மாதத்துக்குத் தொழிலாளிகளிடம் வாடகை கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. வாடகையைப் பற்றி உத்தரவு வந்தது. அட்வான்ஸைப் பற்றி அதில் பேச்சில்லை. பாஷை தெரியாமல், கையில் சீட்டு இல்லாமல், அவசரத்தில் ஊரைவிட்டுப் போகிறவர் எந்த வாசலில் நின்று தன் பணத்தைக் கேட்பார்? கஷ்ட காலத்துக்கு உதவ வேண்டிய ஒரே சேமிப்பு, கஷ்டம் வந்த அன்றுதான் கைக்கு எட்டாமல் போகிறது.

"வாடகை கொடுக்காமல் ஓடுகிறவர்கள் இல்லையா? ஒரே வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் விதவைத் தாய் என்ன செய்வாள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாக்கி வைக்கிற குடித்தனக்காரருக்கு நாம் வக்கீல் அல்ல. ஒரு மாதம், இரண்டு மாத வாடகையை ஈடாக வைத்திருப்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. பாக்கி இருந்தால் கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்ளட்டும். நாம் ஆட்சேபிப்பது, கணக்கே காட்டாமல் ஈட்டை விழுங்குவதைத்தான். அந்தத் தாயும் வாங்கின பணத்தைச் செலவழிக்காமல் பாங்கியில் தனியாகப் போட்டு வைத்தால் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவருக்கும் சங்கடம் வராது.

வீட்டுக்காரரைத் திட்டிவிட்டு நம் பங்கை மறைப்பது யோக்கியமாகாது. பத்து ரூபாய் மிளகாய்க்குப் பில் கேட்கிற நாம் 50,000 ரூபாய்க்குச் சீட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அவர் கோபித்துக்கொள்வாராம்! ஆடியில் வீடு மாறக்கூடாது, மார்கழியில் மாறக்கூடாது என்று வேண்டாத வீட்டுக்கு நாமே ஒரு மாத வாடகையைத் தண்டமாக அழுகிறோம். அப்படி அழுகிற நாம், ஆடியைக் காட்டிப் பணத்தை நிறுத்துகிறவரை எந்த வாயால் கண்டிப்பது? நம்மோடு செக்கிங் வேலை பார்த்த ஒரு அம்மாள், அட்வான்ஸ் திரும்பி வந்தால் கிடாய் வெட்டுவதாக முனியப்பனுக்கு நேர்ந்துகொண்டார். முனியப்பன் வாடகை வாங்கவுமில்லை, அட்வான்ஸ் வாங்கவுமில்லை. அவர் எங்கிருந்து கொடுப்பார்?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அட்வான்ஸை பாங்கி மூலமோ, போன் மூலமோ செலுத்துங்கள். ரொக்கமானால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவாகாத ஒப்பந்தம் சாட்சியத்துக்கு ஆகாது என்று சட்டமே சொல்லுகிறது. கடைசி மாதங்களின் வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்ற வாசகத்தை அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். குடிபோகும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் சுவர், கதவு, குழாய் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். ஒரு மாதம் கழிந்தும் பணம் வராவிட்டால், தொகையும் தேதியும் குறித்து, கிடைத்ததற்கு அத்தாட்சி இருக்கும்படி ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்டச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிகளுக்கும் இலவச வக்கீல் தர வேண்டுமென்று 1987-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அது தர்மமல்ல, உங்கள் பாத்தியதை. பணத்துக்கு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருஷமே கெடு என்பதையும் மறவாதீர்கள்.

நாம் அப்படித்தான் செய்தோம். அட்வான்ஸ் பாங்கி மூலம் கொடுத்த கணக்கைக் காட்டி, வெள்ளையடிப்பு யார் பொறுப்பு என்பதையும் எழுதிப் பதிவுத் தபால் அனுப்பினோம். பத்தாம் நாள் 40,000 ரூபாயும் குறையாமல் வந்து சேர்ந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மகாலட்சுமி எந்த ஆட்சேபணையும் செய்ததாகத் தெரியவில்லை.

1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலை நிறுத்தம் செய்து முதலாளிகளை எதிர்த்து நின்ற தொழிலாளிகளின் ஊர் இது. கம்பெனி வாசலில் நிமிர்ந்த தலை வீட்டு வாசலில் ஏன் குனிய வேண்டும்? ஒரு லைனில் பத்துக் குடும்பங்கள் இருந்தால், ஒருவர் அட்வான்ஸுக்காக மற்ற ஒன்பது பேரும் கூடப் போய் நிற்கட்டும். கெஞ்ச வேண்டாம், திட்டவும் வேண்டாம். "எங்கள் கடனைத் திருப்பிக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்கட்டும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. கடன் கொடுத்தவர்கள் நாம்.