விடுபட்ட கட்டங்கள்

பீஜ கணிதத்தில் (அ + ஆ)² என்று கண்டவுடன் அ² + ஆ² என எழுதிவிடும் பிள்ளைகள் அநேகர். சிவப்புக் கோடு கிழித்தால் நம் கடமை தீர்ந்ததென்று நாமும் வெகுகாலம் எண்ணியிருந்தோம். அது பிசகு.

முற்றத்தில் கோலமாவினால் 13 அங்குலச் சதுரம் ஒன்றை இடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் 10, 3 எனப் பிரித்துக் கோடிழுத்தால் நான்கு கட்டங்கள் தோன்றும்: 100, 30, 30, 9, ஆக 169 சதுர அங்குலம். பிள்ளையின் கணக்கிலோ 109தான். இரண்டு முப்பதுகளைக் காணோம். ஓர் அடைப்பிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் மற்ற அடைப்பிலுள்ள ஒவ்வோர் உறுப்பையும் பெருக்கவேண்டும் என்னும் பங்கீட்டு விதி இதுவேயாகும்.

'இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்று தீர்ப்புக் கூறுமுன், பெற்றோர்களே, அந்தச் சதுரத்தை ஒருமுறை காட்டுங்கள். விடுபட்ட கட்டங்களைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.