கால் வீக்கமும் கடை பில்லும்



திருச்சி அரியமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு ரொம்ப வருடமாகச் சுகர். மாத்திரையை மாற்றியதிலிருந்து இரண்டு காலும் வீங்கிவிட்டன, படுத்தால் மூச்சு முட்டுகிறது. மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருப்பதாக மருந்துக்கடையில் சொன்னார்களாம். "கம்பெனி மேல் கேஸ் போடலாமா சார்?" என்று கேட்கிறார்.

அம்மா, முதலில் டாக்டர், அப்புறம்தான் வக்கீல். இந்த மருந்து உடம்பில் நீர் கோக்க வைக்கும். பலவீனமான இதயம் அதைத் தாங்காது. இன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், மாத்திரை அட்டையோடு.

இதற்கு அண்ணன் முறையான மருந்து ரோசிகிளிட்டசோன். அதனால் மாரடைப்பு ஆபத்து 43 சதவீதம் கூடுவதாக 2007-ல் அமெரிக்க இதய மருத்துவர் ஸ்டீவன் நிசன் எழுதினார். 2010-ல் இந்தியா அதைத் தடை செய்தது. 2012-ல் அதைத் தயாரித்த கிளாக்ஸோ நிறுவனம் பல மருந்துகள் தொடர்பான வழக்குகளை முடிக்க அமெரிக்காவில் 300 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. ரோசிகிளிட்டசோனின் பாதுகாப்புத் தகவல்களை அரசுக்குத் தராததும் அந்தக் குற்றங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், மறுபரிசீலனைக்குப் பிறகு 2013-ல் அமெரிக்காவே அந்த மருந்துக்கு முன்பு விதித்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அதே வருடம் ஜூனில் இங்கே பயோகிளிட்டசோனை நிறுத்தினார்கள், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தில். அடுத்த மாதக் கடைசியிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு திரும்ப விட்டார்கள்.

இனி கேஸ். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, போதிய எச்சரிக்கை தராத தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. டாக்டர் சீட்டில் மட்டுமே விற்கும் மருந்துக்கு, கம்பெனி டாக்டரிடம் எச்சரித்திருந்தால் போதும், எச்சரிக்கவில்லை என்ற புகாரிலிருந்து தப்பிவிடும். இதய ஆபத்து பயோகிளிட்டசோன் குறிப்பிலேயே அச்சாகியிருக்கிறது. ஆகவே உங்கள் கேள்வி டாக்டர் பக்கம் திரும்பும்: எழுதுமுன் இதயத்தைப் பற்றி விசாரித்தாரா, கால் வீங்கினால் உடனே வரச் சொன்னாரா? காசு கொடுத்துப் பார்த்த டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி அதில் வராது. அதற்குச் சிவில் கோர்ட்தான்.

எங்கே போனாலும் காகிதம் கேட்பார்கள். நாமோ அட்டையில் ஐந்து மாத்திரையை வெட்டி வாங்குகிறோம். பெயரும் பேட்ச் எண்ணும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. பில்லும் கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக் குறிப்புகளை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், வாங்கி வையுங்கள். பக்கவிளைவை நோயாளியே அரசிடம் சொல்ல இலவச எண் இருக்கிறது: 1800-180-3024. கேஸ் போடாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்