லயன் வாசலில் எரியும் நஞ்சு

சப்பிரகமுவத் தோட்டங்களிலே பழுதுற்ற மின்கருவிகள் குப்பையோடு எரிக்கப்படுவதைச் சுட்டும் கற்றோர் பலர், “தொழிலாளர்தம் அறியாமை” என்று கூறி அமைவர். இக்கூற்றை யாம் மறுக்கின்றோம்.

புகையின் கொடுமையை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. மின்வடத்தின் பிளாஸ்டிக் உறை எரிகையில் எழும் ஐதரசன் குளோரைட்டு தொண்டையையும் நுரையீரலையும் அரிக்கும். உடனெழும் டையொக்சின்களுள் மிகக் கொடியதனைப் புற்றுநோய்க் காரணியெனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இல் வகைப்படுத்தியது. பற்றாசிலுள்ள ஈயமோ சாம்பலில் தங்கி, மண்ணளையும் குழந்தையின் விரல்வழி உடலேறி மூளையைத் தாக்கும். காற்றோட்டமற்ற பழைய லயன் அறையுள் புகுந்த புகைக்குப் போக்கிடமும் இல்லை.

ஆயின், எரிக்காமல் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபைநிதி செல்லத் தடையாய் நின்றது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. தோட்டத்தார் வாக்கை எண்ணிய சபைகளுக்கு அவர்தம் குப்பையை அள்ள முப்பதாண்டு மனமும் இல்லை, சட்டமும் இல்லை! அபாயகரமான கழிவுகளுக்கென 2008இல் வந்த விதிகளும் நகரத்து நிறுவனங்களை நோக்கியே பேசின; இரத்தினபுரி, கேகாலை மலைச்சரிவுகளை அவை ஏறவில்லை.

இன்று அச்சட்டத்தடை இல்லை. பழுதான கருவிகளைச் சேர்த்துவைக்கத் தோட்டக் கம்பனி ஓர் அறை ஒதுக்கட்டும். சபையின் உழவு இயந்திரம் அவ்வறைவரை வரட்டும்.